நிக்கோ: மலையே சாமியாக இருக்கும் ஊர்

அக்டோபர் 24, வியாழன்

டோக்கியோவில் அசகுசா நிலையத்தில் ரயில் ஏறும்போது நல்ல வெயில். ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வடக்கே வந்து நிக்கோவில் இறங்கினால் காற்று முகத்தில் அறைகிறது. அம்மா பிளாட்பாரத்திலேயே பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். தம்பிக்கு லீவு கிடைக்காததால் நானும் அம்மாவும் மட்டும்தான் வந்திருக்கிறோம். "ஒரே நாள்ல பாத்துட்டுத் திரும்பிடலாம்க்கா, எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று அவன் சொன்னான். அம்மாவுக்கு முழங்கால் வலி, காலையில் ஓடி மாலையில் ஓடி வருவதெல்லாம் முடியாது, தங்கித்தான் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு கடையில் கூட்டம். சோயாப் பாலில் பிசைந்த மாவுக்குள் சிவப்புப் பயறு பூரணம் வைத்து, எண்ணெயில் பொரித்து, மேலே உப்புத் தூவித் தருகிறார்கள். ஒன்று முந்நூறு யெனுக்குள். அம்மா ஒரு கடி கடித்துவிட்டு "இது நம்ம சுய்யம்தாண்டி" என்றாள். இனிப்பின் மேல் உப்பு எப்படிச் சேரும் என்று நினைத்தேன், நன்றாகவே சேர்கிறது.

தெரு முழுக்க மேடு. அது முடிகிற இடத்தில் தாய்யா ஆற்றின் மேல் ஷின்க்யோ என்கிற சிவப்புப் பாலம், 28 மீட்டர் நீளம். 8ஆம் நூற்றாண்டில் ஷோடோ என்ற துறவி இந்த மலைக்கு வந்தபோது ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றாராம், ஒரு தெய்வம் தோன்றி இரண்டு பாம்புகளை எறிய, அவையே பாலமாகக் கிடந்தனவாம். பாலத்தில் நடக்க 300 யென். பக்கத்துச் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் காசில்லை, பாலம் முழுசாகத் தெரிவதும் அங்கிருந்துதான். இப்போது நிற்பது 1904இல் கட்டியது. முந்தையதை 1902 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால் கன்மங்காஃபுச்சி. இதை எங்கள் திட்டத்தில் ஓரமாகத்தான் வைத்திருந்தேன், ஆனால் இன்றைய நாளே இதற்குத்தான் என்று ஆகிவிட்டது. பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளுக்கு நடுவே ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. கரையில் ஜிஸோ சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சிவப்புத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துணி, மேலெல்லாம் பாசி. சிலவற்றுக்குத் தலையே இல்லை, உடைந்த கழுத்தின் மேல் ஒரு கல்லை வைத்து அதற்கும் தொப்பி போட்டிருக்கிறார்கள். போகும்போது எண்ணினால் ஒரு கணக்கு, திரும்பும்போது இன்னொரு கணக்கு வரும் என்பது ஊர் நம்பிக்கை, அதனால் பேய் ஜிஸோ என்றும் பெயர். முதலில் சுமார் நூறு இருந்தன, இப்போது எழுபது சொச்சம். மிச்சத்தைக் கொண்டுபோனதும் அதே 1902 வெள்ளம். எதிர்ப்பாறையில் சமஸ்கிருத பீஜ எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

செத்துப்போன குழந்தைகளைக் காப்பாற்றுகிற சாமி ஜிஸோ என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவள் பேசவில்லை, ஒவ்வொரு சிலை முன்னாலும் நின்று நின்று வந்தாள். அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் தன் கைவிளக்கை எங்கள் காலடியில் காட்டிக்கொண்டே பாதை தார்ரோட்டில் சேரும் வரைக்கும் கூட வந்தார், குனிந்து வணங்கினார், வந்த வழியே திரும்பிப் போனார். அவர் போக வேண்டிய திசை எங்களுக்கு எதிர்த்திசை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ராத்திரி சாப்பாடு சத்திரத்தில். அம்மா சுத்த சைவம் என்று தம்பி முன்பே போன் பண்ணிச் சொல்லியிருந்தான். ஜப்பானில் சைவத்துக்குப் பெரிய எதிரி கறி இல்லை, குழம்புக்கு அடிப்படையாகக் கொதிக்கவைக்கும் கட்சுவோ மீன் சாறுதான், காய்கறி என்று தருவதிலும் அது இருக்கும். இந்த வீட்டம்மா கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் தனியாகச் சாறு வைத்திருந்தார். கூடவே யூபா. சோயாப் பால் காய்ச்சும்போது மேலே படிகிற ஆடைதான் யூபா. நிக்கோவில் அதை நடுவில் குச்சி விட்டுத் தூக்கி இரண்டாக மடிப்பதால் கனமாக இருக்கிறது, கியோத்தோவில் ஓரத்திலிருந்து ஒற்றையாக எடுப்பார்கள். பச்சையாக சோயா சாஸ் தொட்டு, அப்புறம் சுருட்டிப் பொரித்து வேகவைத்து என்று இரண்டு விதம். அம்மா பையிலிருந்து பருப்புப்பொடியையும் நல்லெண்ணெயையும் எடுத்து வெள்ளைச் சோற்றில் பிசைந்தாள். வீட்டம்மா பார்த்தார், கேட்டார், ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டார், மிளகாய் ஏறியதில் கண்ணில் தண்ணீர் வந்தும் இன்னொரு வாய்க்குக் கை நீட்டினார்.

அக்டோபர் 25, வெள்ளி

காலை ஒன்பதுக்கு தோஷோகு கோயில் வாசலில் நின்றோம். நுழைவு ஆளுக்கு 1,600 யென், நம் காசுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் பக்கம். மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள், அம்மாவின் புடவையைப் பார்த்து ஒவ்வொரு வரிசையும் ஹலோ சொன்னது, அம்மா ஒன்று விடாமல் எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர் (ஷோகன்) தொக்குகாவா இயேயாசு 1616இல் இறந்தார், மறுவருஷம் அவரை இங்கே கொண்டுவந்து தெய்வமாக வைத்தார்கள். பேரன் இயேமித்சு 1636இல் இப்போதிருக்கும் பிரம்மாண்டத்தைக் கட்டி முடித்தார். ஜப்பான் கோயில் என்றால் வெறும் மரம், வெறும் சரளைக்கல், அமைதி என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். இங்கே ஒரு சாண் இடம் சும்மா விடவில்லை. யோமெய்மோன் வாயிலில் மட்டும் ஐந்நூறுக்கு மேல் சிற்பங்கள், எல்லாம் வர்ணம், தங்கம். அதன் பன்னிரண்டு வெள்ளைத் தூண்களில் ஒன்றில் மட்டும் கோலத்தை வேண்டுமென்றே தலைகீழாகச் செதுக்கியிருக்கிறார்கள், முழுமையடைந்த கட்டடம் அன்றிலிருந்தே சிதையத் தொடங்கும் என்ற நம்பிக்கையாம். "திருஷ்டிக்கு வச்சிருக்கான்" என்றாள் அம்மா. கும்பகோணத்துக்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்று குரங்குகளைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம். அவை இருப்பது குதிரை லாயத்தின் நெற்றியில், குரங்கு குதிரையை நோயிலிருந்து காக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். மொத்தம் எட்டுப் பலகைகள், ஒரு குரங்கின் வாழ்க்கை முழுவதும். கண், காது, வாய் பொத்தியது இரண்டாவது பலகை. குழந்தைப் பருவத்தில் கெட்டதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்று அர்த்தம். எல்லா கேமராவும் அங்கேதான். அம்மா முதல் பலகைக்கு நேரே நின்றுவிட்டாள். அதில் தாய்க்குரங்கு நெற்றியில் கை வைத்துத் தூரத்தைப் பார்க்கிறது, பிள்ளையின் எதிர்காலத்தை, குட்டி அம்மாவின் முகத்தையே பார்க்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஒரு பலகைக்காகவே 1,600 யென் தரலாம்.

எதிர்க் கட்டடத்தின் மேலே இரண்டு யானைகள். மாதிரி வரைந்த கானோ தன்யூ யானையைப் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதை வைத்தே வரைந்திருக்கிறார். காதும் வாலும் நம் யானையுடையவை இல்லை. ஆனால் அந்தக் கண்ணில் இருக்கிற வயசும் பொறுமையும் யானையுடையதேதான். பார்க்காமல் எப்படிப் பிடித்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உறங்கும் பூனைச் சிற்பம் உள்ளங்கை கொள்கிற அளவுதான், அண்ணாந்து பார்த்துத் தேட வேண்டும். அதன் முதுகுப்புறம் சிட்டுக்குருவிகள் விளையாடுகின்றன. அதைத் தாண்டி இயேயாசுவின் சமாதிக்கு 207 கல்படிகள். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அம்மா ஏறினாள். எழுபது தாண்டிய ஒரு ஜப்பானியப் பாட்டியும் அம்மாவோடு சேர்ந்துகொண்டார், இருவரும் அவரவர் மொழியில் படியை எண்ணிக்கொண்டு, ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, ஒரே இடத்தில் தண்ணீர் குடித்து மேலே போய்ச் சேர்ந்தார்கள். சமாதி வெறும் வெண்கலம். கீழே அவ்வளவு தங்கம் போட்ட ஆளுக்கு இங்கே சுற்றிலும் சேதார் மரங்கள், அவ்வளவுதான்.

யகுஷி மண்டபத்துக் கூரையில் பெரிய டிராகன் ஓவியம். அதன் தலைக்கு நேர்கீழே நின்று துறவி மரக்கட்டைகளைத் தட்டினால் மணி உருள்வது போல நாதம் எழும்பிக்கொண்டே போகிறது, இரண்டடி தள்ளித் தட்டினால் வெறும் டக். பழைய ஓவியம் 1961இல் தீயில் போய்விட்டது, இது மறுபடி வரைந்தது. ஒலி மட்டும் பழையபடியே.

மதியம் ரின்னோஜி என்கிற புத்த விகாரை. மூன்று பெரிய தங்க முலாம் விக்கிரகங்கள்: ஆயிரம் கை கன்னோன், அமிதா புத்தர், குதிரைத்தலை கன்னோன். கன்னோன் என்பது கருணையின் போதிசத்துவர், நம் அவலோகிதேஸ்வரர். நம் ஹயக்ரீவர் சீனா வழியாக இங்கே வரைக்கும் வந்திருக்கிறார். பலகையைப் படிக்கும்போதுதான் இந்த ஊரின் விஷயமே எனக்குப் பிடிபட்டது. மூன்று விக்கிரகங்களும் ஊருக்குப் பின்னால் நிற்கிற மூன்று மலைகளுக்கானவை. நன்தாய் அப்பா, நியோஹோ அம்மா, தாரோ பிள்ளை. அவற்றையே சாமிகளாக வைத்துப் பக்கத்தில் ஃபுத்தராசான் கோயில். புத்தரும் பழைய தெய்வங்களும் ஒன்றாகவே கும்பிடப்பட்டார்கள், 1868இல் மெய்ஜி அரசு வந்து பிரிக்கச் சொன்ன பிறகுதான் இது கோயில், அது விகாரை என்று தனித்தனி டிக்கெட். "அப்பா, அம்மா, நடுவுல புள்ள. சோமாஸ்கந்தர்தானே?" என்றாள் அம்மா. திருவண்ணாமலையைச் சுற்றி வந்தவர்களுக்கு இது புரிய ஒரு நிமிஷம் போதும். தோஷோகுவின் தங்கம் வருவதற்கு எண்ணூறு வருஷத்துக்கு மேல் முன்பே, 766லேயே ஷோடோ இங்கே வந்துவிட்டார், மலைக்காக.

நாலு மணிக்கு மேல் டோக்கியோ கூட்டம் முழுக்க ரயிலுக்குப் போய்விடுகிறது, கடைகளும் சாத்திவிடுகிறார்கள். இன்று சத்திரத்தில் சாப்பாடு இல்லை, மூன்று உணவகங்களில் கேட்டும் உள்ளே விடவில்லை. கடைசியில் ஒரு கடையில் சோற்றுருண்டை வாங்கினோம். ஒவ்வொரு பொட்டலத்தையும் போனில் காட்ட, தம்பி பின்பக்கத்தைப் படித்து "இதுல மீன் இருக்குக்கா, இதுலயும் இருக்கு" என்று தள்ளிக்கொண்டே வந்தான், உப்பு மட்டும் போட்ட ஒன்று தேறியது. அம்மா புளிக்காய்ச்சலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

அக்டோபர் 26, சனி

சூசென்ஜி ஏரிக்குப் பஸ். சாதாரணமாக முக்கால் மணி நேரம், இன்று மூன்று மணி நேரம். இலை சிவக்கும் சீசன், சனிக்கிழமை, இரோஹாசாகா மலைச்சாலையில் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏறுவதற்கு 20, இறங்குவதற்கு 28 என மொத்தம் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஜப்பானிய எழுத்து வரிசையில் ஒரு எழுத்து.

ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மைக்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார், அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. முன் சீட்டுப் பெரியவர் ஆரஞ்சுப் பழங்களை உரித்துச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். சாலைச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது என்று இங்கே 2000த்திலிருந்து சட்டமே இருக்கிறது.

பத்தாவது வளைவு இருக்கும், அம்மா என் காதில் "பாத்ரூம் போகணும்டி" என்றாள். வெளியே ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் எழுந்து போய்க் கைச்சாடையில் ஓட்டுநரிடம் சொல்ல, அவர் அக்கேச்சிதைராவில் கழிப்பறை இருக்கிறது என்று கடிகாரத்தைக் காட்டினார். இருபது நிமிஷம் கழித்து அங்கே நிறுத்தியதும் என் வயசுப் பெண் ஒருத்தி முன்னால் ஓடி, நீண்ட வரிசையின் தலைப்பில் போய் என்னவோ சொல்லி, அம்மாவை நேராக உள்ளே அனுப்பினாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் விலகி வழி விட்டார்கள். திரும்பி வரும் வரை பஸ் நின்றது. ஏறும்போது அம்மா மொத்தப் பஸ்ஸுக்கும் கைகூப்பினாள், பஸ் முழுக்கத் தலை குனிந்தது.

கேகோன் அருவி 97 மீட்டர். பாறைக்குள் குடைந்த லிஃப்டில் சுமார் நூறு மீட்டர் இறங்கினால் அருவிக்கு நேரே விடுகிறார்கள், கட்டணம் 600 யென் பக்கம். போனதும் ஒரே மூடுபனி, சத்தம் மட்டும் கேட்டது. முக்கால்வாசிப் பேர் ஐந்து நிமிஷம் நின்று திரும்பிவிட்டார்கள். அம்மா நகரமாட்டேன் என்றாள். அரை மணி கழித்துப் பனி ஒரு பக்கமாக விலகியது, மேலேயிருந்து ஒற்றைக் கோடாகத் தண்ணீர், அதன் கீழே நடுப்பாறையில் கசிந்து இறங்கும் பத்துப் பன்னிரண்டு சின்ன அருவிகள், சுற்றிலும் சிவப்பும் மஞ்சளும். சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் நன்தாய் எரிமலை கக்கிய குழம்பு ஆற்றை மறித்ததில் ஏரி பிறந்தது, அந்த ஏரி வழிவதுதான் இந்த அருவி, அதுவே கீழே போய் தாய்யா ஆறு.

ஏரிக்கரை விகாரையில் நிற்கிற கன்னோன், உயிரோடிருந்த மரத்தில் வேர் அறுக்காமலேயே ஷோடோ செதுக்கியது என்கிறார்கள். அங்கேதான் அந்த 1902 மறுபடி வந்தது. அந்த வருஷப் புயல் மழையில் நன்தாயின் சரிவு இடிந்து, மலையடியிலிருந்த பழைய விகாரையை ஏரிக்குள் தள்ளிவிட்டது. விக்கிரகம் தண்ணீரில் மிதந்து கிடைத்தது, அதை வைத்து இந்தக் கரையில் புதிதாகக் கட்டினார்கள். பொங்கிய தண்ணீர் அருவி வழியாக இறங்கிப் போய்த்தான் சிவப்புப் பாலத்தைப் பெயர்த்தது, தொப்பி போட்ட அந்த ஜிஸோக்களைக் கொண்டுபோனது. வியாழக்கிழமை கீழே பார்த்த தலையில்லாத சிலைகளின் காரணம் இங்கே மேலே, ஏரிக்கு மறுகரையில், 2,486 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த மலையைத்தான் ஊர் இன்றைக்கும் அப்பா என்று கும்பிடுகிறது. நான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1872 வரைக்கும் பெண்கள் இந்த ஏரிக்கே வரக் கூடாது. மீறி வந்த கோயில் பணிப்பெண் ஒருத்தி கல்லாகிவிட்டாள் என்று ஒரு கல்லைக் கரையில் வைத்திருக்கிறார்கள். அம்மா அதைத் தொட்டு "பாவம், நடந்தே வந்திருப்பா" என்றாள்.

ராத்திரி யுமோத்தோ. ஊரே கந்தக வாசனை. பொது வெந்நீர்க் குளியலுக்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் இலவசமாகக் கால் நனைக்கும் தொட்டி இருக்கிறது, ஒரு மணி நேரம் முழங்கால் வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் மூன்று டிகிரி. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அம்மாவே சொன்னாள், கந்தகமோ, ஓய்வோ.

பஸ்ஸில் அக்கானுமா போய், அங்கிருந்து செஞ்ஜோகாஹாரா சதுப்புநிலத்தில் மரப்பலகைப் பாதையில் நடந்தோம். 1,400 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம், அம்மாவுக்கு ஏற்ற நடை. மான்கள் உள்ளே வந்து செடிகளைத் தின்றுவிடாமல் சுற்றிலும் வலைவேலி போட்டிருக்கிறார்கள், நாம் கதவைத் திறந்து போய்ச் சாத்த வேண்டும். நன்தாய் பாம்பாகவும் பக்கத்து அக்காகி மலை பூரானாகவும் மாறி சூசென்ஜி ஏரிக்காகச் சண்டை போட்ட களம் இதுதான் என்பது கதை. இப்போது வெளிறிய புல்லும், தங்க நிறத்தில் லார்ச் மரங்களும், எந்தப் பக்கம் திரும்பினாலும் நன்தாயும். பலகையில் உறைபனி, வழுக்கியது. எதிரே வருகிறவர்கள் பையில் கரடிக்கு எச்சரிக்கையாக மணி கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒதுங்கி நின்று காலை வணக்கம் சொல்லிப் போகிறார்கள். அம்மாவும் கொஞ்ச நேரத்தில் "ஒஹாயோ கொசாய்மாஸ்" பழகிவிட்டாள்.

யுதாக்கி அருவியடியில் முடித்தோம். குச்சியில் குத்திய ஆயு மீனை உப்புத் தடவிக் கரி நெருப்பைச் சுற்றி நிறுத்திச் சுடுகிறார்கள். நான் ஒன்று வாங்கினேன், 700 யென். தோல் மொறுமொறுவென்று, உள்ளே வெள்ளையாக, அந்தக் குளிருக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. அம்மா காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து வீட்டம்மா வியாழனன்று கட்டிக் கொடுத்த அரிசி முறுக்கைத் தின்றாள்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையிலிருக்கும் ஃபுத்தராசான் நடுக்கோயிலில் இறங்கினோம். மலையேறும் வாசல் அங்கேதான், கோயிலுக்குப் பின்னால் நேராக ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏற்றம். உச்சியிலும் ஒரு கோயில். ஜூலை கடைசியில் தொடங்கும் திருவிழாவில் நள்ளிரவில் ஏறி மேலே சூரிய உதயம் பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் வாசலை அடைத்துவிடுவார்கள். அம்மா வாசலுக்கு வெளியே நின்று மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அங்கே வேலையிலிருந்த பணிப்பெண் ஒருத்தி அதைப் பார்த்துத் தன் முறையில் இரண்டு தரம் கைதட்டிக் காட்டினாள், அம்மா அதையும் செய்தாள்.

அக்டோபர் 28, திங்கள்

மழை. மலை எதுவும் தெரியவில்லை. தங்காமல் ஒரே நாளில் வந்திருந்தால் தோஷோகு மட்டும் பார்த்துவிட்டு இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருப்போம், தம்பியிடம் இதைச் சண்டையாகவே சொன்னேன். இரண்டு ராத்திரியாவது வேண்டும், அதில் ஒன்று மேலே. சனிக்கிழமை மட்டும் மலையேறாதீர்கள்.

ரயிலுக்கு முன் உலர்ந்த யூபா நாலு பொட்டலம் வாங்கினோம், மொத்தம் 2,400 யென். கடைக்காரம்மா எப்படிச் சமைப்பது என்று படம் போட்ட தாளைக் கொடுத்தார். அம்மா அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள்: "டேய், தயிர் வாங்கி வையி. புளிச்சதா இருக்கட்டும். ராத்திரிக்கு இதைப் போட்டு மோர்க்குழம்பு வைக்கப்போறேன்."